எந்த விலைக்கு இந்த வட்டி?

அமெரிக்காவில் ஓய்வுபெற்றவர்கள் பலர் குளோஸ்டு எண்ட் பாண்ட் ஃபண்டுகளை மாதச் சம்பளம்போல நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை உரசிப் பார்க்க பிம்கோ ஹை இன்கம் ஃபண்டு ஒன்றே போதும்.

2003-இல் பங்கு 15 டாலருக்கு வெளியானது. பத்தாண்டுக்கும் மேலாக மாதம் 0.121875 டாலர், அதாவது ஆண்டுக்கு ஏறத்தாழ 1.46 டாலர் கொடுத்தது. தொகை அசையவில்லை என்பதாலேயே கூட்டம் சேர்ந்தது. 2012-இல் பங்கின் விலை நிகர சொத்து மதிப்பைவிட 50 சதவீதத்துக்கும் மேலே போனது. கணக்கைப் பாருங்கள். 8 டாலர் சொத்துள்ள பங்கை 12 டாலருக்கு வாங்கியவருக்கு 1.46 டாலர் என்பது 12 சதவீத வருமானமாகத் தெரியும். ஆனால் அதைச் சம்பாதிக்க வேண்டியது அந்த 8 டாலர்தான். அதற்கு அது 18 சதவீதம். பாண்டுகளை வைத்து ஆண்டுக்காண்டு இதை ஈட்ட எந்த மேலாளராலும் முடியாது. 2015-இல் மாதத் தொகை 0.103459 ஆனது, விலையும் சரிந்தது. அடுத்தடுத்த வெட்டுகளில் தொகை 0.048 வரை இறங்கிவிட்டது.

ஃபண்டையே மோசம் என்று தள்ளிவிடவும் முடியாது. 2003-இல் வாங்கி வைத்திருந்தவர்கள் போட்ட பணத்துக்கு மேல் மாதத் தொகையாகவே பெற்றுவிட்டார்கள். அடிபட்டவர்கள் பிரீமியம், அதாவது சொத்து மதிப்புக்கு மேல் விலை, கொடுத்து வாங்கியவர்கள். ஒரே ஃபண்டு, ஒரே நிறுவனம். வாங்கிய விலைதான் வேறு.

குளோஸ்டு எண்ட் அமைப்புக்கு உண்மையான பலம் ஒன்று உண்டு. பங்குகளின் எண்ணிக்கை நிலையானது, விற்க நினைப்பவர் சந்தையில் இன்னொருவரிடம்தான் விற்க வேண்டும். ஆகவே பீதி பரவும்போது பணம் திருப்பித் தருவதற்காக மேலாளர் நல்ல பத்திரங்களை அடிமாட்டு விலைக்குத் தள்ள வேண்டியதில்லை. ஆனால் பெரும்பாலான ஃபண்டுகள் கடன் வாங்கி இந்தப் பலத்தைத் தாங்களே குறைத்துக்கொள்கின்றன. 1940-ஆம் ஆண்டு அமெரிக்க முதலீட்டு நிறுவனச் சட்டப்படி வாங்கும் ஒவ்வொரு டாலர் கடனுக்கும் 3 டாலர் சொத்து வேண்டும். சொத்து மதிப்பு சரிந்தால் கடனை அடைக்க விற்றே ஆக வேண்டிய நிலை வரலாம். 2022-இல் ஃபெடரல் ரிசர்வ் வட்டியைப் பூஜ்யத்தை ஒட்டிய நிலையிலிருந்து 4.5 சதவீதம் வரை ஏற்றியபோது இரண்டு பக்கமும் அடி: கையிலிருந்த பாண்டுகளின் விலை விழுந்தது, கடனுக்கான வட்டி உயர்ந்தது. பல ஃபண்டுகளில் நிர்வாகக் கட்டணம் கடனில் வாங்கிய சொத்துக்கும் சேர்த்தே பிடிக்கப்படுகிறது என்பதை நான் சின்ன விஷயமாக எண்ணவில்லை. கடனைக் குறைத்தால் மேலாளரின் வருமானமும் குறையும்.

வாங்கலாமா? டிஸ்கவுண்டில், அதாவது சொத்து மதிப்புக்குக் கீழே, கிடைத்தால், கொடுக்கும் தொகை பாண்டுகளின் வட்டியிலிருந்தே வந்தால், வாங்கலாம். போட்ட முதலீட்டையே திருப்பித் தருகிறார்களா என்பதை ஃபண்டு அனுப்பும் அறிவிப்பு காட்டிவிடும். அதைப் படிக்காமல் வாங்கக் கூடாது. அவசரத்துக்கு விற்க வேண்டிய பணத்தை இதில் வைக்கவே கூடாது, நெருக்கடியில்தான் டிஸ்கவுண்ட் அகலும். பிரீமியம் கேட்கும் ஃபண்டு எவ்வளவு பேர்பெற்றதானாலும் வேண்டாம்: அதேபோன்ற பாண்டுகளைச் சாதாரணத் திறந்தநிலை ஃபண்டு நிகர சொத்து மதிப்புக்கே விற்கிறது.