ஒரு தந்தை, இரு புதல்வியர்: ஒரு கவிதை நாவலைக் குறித்து

2001 நவம்பர் 12 அன்று நியூயார்க்கிலிருந்து டொமினிக்கன் குடியரசுக்குப் புறப்பட்ட விமானம் ஒன்று சிறிது நேரத்திற்குள் வீழ்ந்து நொறுங்கியது. அதிலிருந்த 260 பேரும், தரையிலிருந்த 5 பேரும் மாண்டனர். பயணிகளில் மிகுதியானோர் டொமினிக்க வம்சாவளியினர். இத்துயரத்தைக் கருவாகக் கொண்டு எலிசபெத் அசெவேடோ என்னும் பெண் கவிஞர் இளைஞர்க்கென எழுதிய ‘கிளாப் வென் யூ லேண்ட்’ என்னும் கவிதை நாவல் 2020இல் வெளிவந்தது.

கதை எளியது. தீவில் வாழும் கமினோவும் நியூயார்க்கில் வாழும் யஹைராவும் ஒரே தந்தையின் புதல்வியர், ஒருவரையொருவர் அறியாதவர். தந்தை விபத்தில் மாண்டபின்னரே அவருடைய இரு குடும்பங்களும் வெளிச்சத்திற்கு வருகின்றன. யஹைராவின் வேதனை இன்னும் கொடியது. தந்தையின் மற்றொரு திருமணத்தை முன்பே அறிந்து, அவருடன் பேசாதிருந்தவள் அவள். ஒப்புரவாகுமுன் அவர் போய்விட்டார்.

இந்நிலையை நம்முள் பலர் கண்டிருப்போம். அடக்க ஆராதனைக்கு மறைந்தவரின் ‘மற்றக் குடும்பம்’ வந்து கடைசி வரிசையில் நிற்கும். நாமோ அவர்களைக் காணாதவர்போல் மறைந்தவரின் நற்குணங்களை அடுக்குவோம். அசெவேடோ அவ்வாறு செய்யவில்லை. தந்தையின் அன்பும் மெய், வஞ்சகமும் மெய். புதல்வியர் அவரைச் சினந்துகொண்டே அவருக்காக அழுகின்றனர். ஆபிரகாமை அடக்கம்பண்ண ஈசாக்கும் இஸ்மவேலும் சேர்ந்து வந்ததை ஆதியாகமம் 25ஆம் அதிகாரம் ஒரே வசனத்தில் கூறிவிடுகிறது. துரத்தப்பட்ட ஆகாரின் மகன் என்ன மனத்துடன் அக்குகையருகே நின்றிருப்பான் என்று நாம் பிரசங்கித்ததுண்டா?

இதை உரைநடையில் எழுதியிருக்கலாகாதா எனக் கேட்கலாம். புலம்பலின் முதல் நான்கு அதிகாரங்களும் எபிரெய அகரவரிசையில் கட்டப்பட்டவை. நம் தமிழ் மொழிபெயர்ப்பில் அது புலனாவதில்லை. கட்டுக்கடங்காத துயரை ஒரு கட்டுக்குள் வைத்தாலன்றிச் சொல்ல இயலாது போலும். இந்நாவலின் குறுகிய அடிகளும் அவ்வாறே பயன்படுகின்றன: இரு பெண்களும் மாறி மாறிப் பேசுகின்றனர், விளக்கம் கூற அடியில் இடமில்லை, கூறாது விட்டதை வெற்றுத்தாள் தாங்குகிறது. ஆறுதல் சொல்லத் துடிக்கும் இறையியல் மாணவர் இதற்காகவே இதனை வாசித்தல் நலம். கமினோவை வளர்க்கும் அத்தையின் புனிதர் வணக்கம் சிலருக்கு உறுத்தலாம். அது அவ்வூராரின் பக்தி; அதன்பொருட்டு நூலை மூடிவிட வேண்டியதில்லை.

குறையும் உண்டு. கமினோவைத் தொடரும் கயவனிடமிருந்து அவள் காப்பாற்றப்படும் இறுதிப்பகுதி விரைந்து முடிகிறது. அதுவரை மெல்ல நடந்த நூல் திடீரென ஓடுகிறது. அதனினும் பெரிய குறை யஹைராவின் தாயைப் பற்றியது. கணவனின் இரண்டாம் திருமணத்தை அறிந்தும் ஆண்டுக்கணக்காக மௌனம் காத்தவர் அவர். அம்மௌனத்தை மகளின் கண்வழியே மட்டும் காண்கிறோம். அவருக்கெனச் சில பக்கங்களையேனும் ஆசிரியர் ஒதுக்கியிருக்கலாம்.