நிறத்தை நம்பலாமா?

கைப்பேசியில் எடுத்த வயற்படம் ஒன்றைத் திறக்கிறீர்கள். 'பச்சை' என்ற பொத்தானைத் தொட்டு, அளவுகோலைச் சற்று நகர்த்துகிறீர்கள். உடனே பயிர் செழித்துவிடுகிறது! வானத்தின் நீலமோ வரப்பில் நிற்பவரின் சட்டையோ மாறுவதில்லை. உரமும் நீரும் இன்றிக் கிட்டிய விளைச்சல் இது. படத்தைத் திருத்தும் மென்பொருள்கள் பலவற்றில் இவ்வசதி உண்டு. இதன் நிறைகுறைகளை ஈண்டு ஆராய்வோம்.

இம்முறையில் கணிப்பொறி பயிரைத் தேடுவதில்லை, எண்களையே தேடுகிறது. படம் என்பது பல இலட்சம் புள்ளிகளின் தொகுப்பு. பிக்சல் எனப்படும் இப்புள்ளி ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றின் அளவைக் குறிக்கும் மூன்று எண்கள் உண்டு. சாதாரணப் படங்களில் ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கும்.

வெயிலில் உள்ள இலையின் எண்கள் 60, 140, 50 எனக் கொள்வோம். நிழலில் ஒவ்வொன்றும் பாதியானால் 30, 70, 25 ஆகும். இரண்டும் ஒரே பச்சைதான் என்பதை எவ்வாறு அறிவது? ஆல்வி ரே ஸ்மித் என்ற அமெரிக்கர் 1978-ஆம் ஆண்டில் வெளியிட்ட முறை இதற்கு உதவுகிறது. மூன்று எண்களையும் நிறக்கோணம், செறிவு, பொலிவு என வேறு மூன்றாக அவர் மாற்றினார். நிறங்களை ஒரு வட்டத்தில் அடுக்கியதாகக் கருதுக. சிவப்பு 0 பாகை, மஞ்சள் 60, பச்சை 120, நீலம் 240. நம் இலையின் இரு புள்ளிகளுக்கும் கோணம் ஏறக்குறைய 113 பாகையே. பொலிவு மட்டுமே பாதியாகிறது. ஆகவே '80 முதல் 160 வரை பச்சை' என வகுத்தால் இரண்டும் ஒரே வகுப்பில் சேரும். எளிமையும் விரைவும் இம்முறையின் சிறப்புகள். இதில் ஐயமில்லை.

இனிக் குறைகளைக் காண்போம்.

முதலாவது, இருட்டு. 3, 2, 2 என்ற புள்ளியும் 2, 3, 2 என்ற புள்ளியும் நம் கண்ணுக்குக் கறுப்பே. ஆனால் கணக்கிட்டுப் பாருங்கள்: முன்னதன் கோணம் 0, பின்னதன் கோணம் 120! ஓர் எண்ணின் தடுமாற்றத்தில் சிவப்பு பச்சையாகிவிடுகிறது. மூன்று எண்களும் சமமானால் நிறக்கோணமே கிடையாது. ஆகவே பொலிவும் செறிவும் மிகக் குறைந்த புள்ளிகளை முதலிலேயே விலக்கிவிட வேண்டும்.

இரண்டாவது, நிழல். நிழலில் ஒளி குறைகிறது என்று மட்டுமே மேலே கொண்டோம். உண்மையில், திறந்தவெளி நிழலுக்கு ஒளி தருவது நீல வானம். எனவே நீலத்தின் எண் 25-க்குப் பதிலாக 50 ஆகலாம். அப்போது அதே இலையின் கோணம் 150 பாகையாகிறது. இலை மாறவில்லை; அதன்மேல் விழும் ஒளிதான் மாறியது.

மூன்றாவது குறை, இயற்பியல் மாணவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது. மஞ்சளாகத் தோன்றும் புள்ளி, சோடியம் விளக்கின் 589 நானோமீட்டர் ஒளியால் விளைந்திருக்கலாம். சிவப்பொளியும் பச்சையொளியும் கலந்ததாலும் விளைந்திருக்கலாம். மூன்று எண்களைக் கொண்டு இவற்றைப் பிரித்தறிய இயலாது. பயிரும் பச்சைச் சேலையும் ஒரே வகுப்பில் விழுவதும் இவ்வாறே.

செயற்கைக்கோள் அறிஞர்கள் இதனை உணர்ந்திருந்தனர். 1972-இல் ஏவப்பட்ட லேண்ட்சாட்-1, 1988-இல் ஏவப்பட்ட நம் நாட்டின் ஐ.ஆர்.எஸ்.-1ஏ ஆகிய இரண்டும் கண்ணுக்குத் தெரியும் நிறங்களோடு அண்மை அகச்சிவப்புக் கதிரையும் அளந்தன. பசும் இலை அக்கதிரை மிகுதியாக எதிரொளிக்கும். அதனால் பயிரைப் பிற பச்சைப் பொருள்களினின்று பிரிப்பது எளிதாகிறது. அதன் பின்னரும் வகைப்பாடு சரிதானா என்று நேரில் சென்று களத்தில் சரிபார்ப்பது அவர்கள் வழக்கம்.

நாம் சரிபார்க்கிறோமா? என் மாணவி ஒருவர் நெல் இலைகளைப் படமெடுத்து, மஞ்சளடைந்த புள்ளிகளை எண்ணி, இலையில் எத்தனை விழுக்காடு பழுதுபட்டது எனக் கணக்கிட்டு வந்தார். நிரலில் பிழை இல்லை. ஆயினும் விடை கண்ணால் கண்டதைவிடக் குறைவாக இருந்தது. விசாரித்தேன். "படம் எடுப்பாக இருக்கட்டும் என்று முதலில் பச்சையைக் கொஞ்சம் கூட்டினேன், சார்" என்றார்.

பிழை அங்கேதான் இருந்தது. வகுப்பின் எல்லையைத் திடீரென வெட்டினால் படத்தில் திட்டுத்திட்டாகத் தெரியும். அதனால் அந்த மென்பொருள், எல்லைக்கு அருகிலுள்ள மஞ்சட்பச்சையையும் ஓரளவு பச்சையோடு சேர்த்துத் திருத்திவிட்டது. இலை பழுதுபடத் தொடங்குவது தெரிவதோ அந்த மஞ்சட்பச்சையில்தான்! அழகுக்காகச் செய்த திருத்தம், அளக்க வேண்டியதையே அழித்துவிட்டது. நல்லவேளையாக மூலப்படம் அவரிடம் இருந்தது, மீண்டும் எண்ணினார்.

பயிருக்குத் தழைச்சத்து போதுமா என்று அறிய நெல் விவசாயிகள் பயன்படுத்தும் இலை வண்ண அட்டையை நீங்கள் பார்த்திருக்கலாம். இலையை நேர் வெயிலில் ஒப்பிடலாகாது. நம் உடலின் நிழலில் வைத்தே ஒப்பிட வேண்டும் என்பது அதன் விதி. எளிய ஓர் அட்டைக்கே இத்தனை கட்டுப்பாடு என்றால், கைப்பேசிப் படத்திற்கு வேண்டாமா?

திருமணப் படத்தில் பட்டுச்சேலையின் நிறத்தைக் கூட்டுவதால் கேடு ஒன்றுமில்லை. ஆனால் சான்றாகவோ அளவீடாகவோ பயன்படும் படத்தில் இம்முறையைக் கையாள்பவர் மூன்றைச் செய்தல் வேண்டும்: மூலப்படத்தைக் காத்தல், எந்தக் கோணம் முதல் எந்தக் கோணம் வரை திருத்தப்பட்டது எனக் குறித்தல், சில புள்ளிகளையேனும் உண்மைப் பொருளோடு ஒப்பிடுதல். இம்மூன்றும் இல்லாத படம் எத்துணை அழகாக இருப்பினும் அறிவியல் சான்றாகாது.

இன்று மாலை ஒரே செடியை வெயிலிலும் நிழலிலும் படமெடுத்து, எண்களை நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.