யாருடைய ஆசைக்காக இந்தத் திருத்தம்?

சாத்தூருக்குக் கிழக்கே, அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுமிடத்தில் அமைந்த இருக்கன்குடியில், ஆடி மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமையன்று மாரியம்மனைத் தரிசிக்க வந்து குவியும் ஜனங்களுக்கிடையே, கழுத்தில் காமிராவும் முதுகில் பையுமாக அலைகிற ஒரு கூட்டத்தையும் இப்போதெல்லாம் பார்க்கலாம். பிழைப்புக்காக அன்றி ரசனையின் பொருட்டே வருகிறவர்கள் இவர்கள்; வார நாட்களில் வங்கியிலோ கல்லூரியிலோ அச்சகத்திலோ உத்தியோகம் பார்த்துவிட்டு, விடுமுறை கிடைத்தால் கிராமங்களை நாடிப் புறப்பட்டு, எடுத்த படங்களை இரவில் கணினியிலோ கைப்பேசியிலோ இட்டு ஒளியும் வண்ணமும் திருத்தி மகிழ்கிறவர்கள். இந்த வழக்கத்தைக் குறை கூறுவோர் திருத்தத்தையே பொய் என்று தள்ளுகிறார்கள். போற்றுவோரோ கலைஞனின் கற்பனைக்கு எல்லை வகுக்க யாருக்கு அதிகாரம் என்று கேட்கிறார்கள். இரு தரப்பாரும் விஷயத்தின் வேரைத் தொடவில்லை என்பது என் அபிப்பிராயம்.

திருத்தம் பொய் என்கிற கட்சி, கரிசல் காட்டு வெயிலில் ஒரு படமும் எடுத்துப் பாராதவர்களின் கட்சி. காமிராவுக்குள் இருக்கும் ஒளிமானி, தன் முன் உள்ளது எதுவாயினும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாகவே பாவித்துக் கணக்கிடும் இயல்புடையது. ஆதலால் சட்டகம் நிறையக் கரிசல் மண் இருக்குமாயின், காட்சி இருண்டிருக்கிறதென்று எண்ணி அது ஒளியைத் தாராளமாக உள்ளே விட, மண் சாம்பல் பூத்து, வேட்டியும் வானமும் வெளுத்துச் சுண்ணாம்பாகிவிடும். சிவப்புச் சேலைகளின் கதி இன்னும் பரிதாபம்: உச்சி வெயிலில் அந்த நிறத்துக்குரிய பதிவு நிரம்பி வழிந்து, துணியின் மடிப்புகளெல்லாம் மறைந்து ஒரே பூச்சாக நிற்கும். மண்ணுக்கு அதன் கருமையையும் துணிக்கு அதன் மடிப்பையும் மீட்டுத் தருகிற திருத்தம், கண் கண்டதற்குப் படத்தை நெருக்கமாக்குகிறதேயன்றி விலக்கவில்லை. 1941இல் நியூ மெக்சிக்கோவின் சிற்றூர் ஒன்றில் நிலவெழும் காட்சியைப் பதிவு செய்த ஆன்செல் ஆடம்ஸ், அந்த ஒரே நெகட்டிவிலிருந்து பல பத்தாண்டுகளாக அச்சிட்டுக்கொண்டே இருந்தார். பிற்கால அச்சுகளில் வானம் முன்னிலும் கருத்து நிற்கிறது. அவரைப் பொய்யர் என்று எவரும் சொன்னதில்லை.

மேலும், நம் பிரதேசத்துக்குத் திருத்தம் புதிதுமன்று. சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை தீட்டி, 1940களில் கோவில்பட்டியில் நிலைகொண்ட சி. கொண்டையராஜு, அங்கே தேவி ஆர்ட் ஸ்டூடியோவை வைத்து நடத்தினார். அவரும் அவருடைய சீடர்களும் தீட்டிய முருகனும் லட்சுமியும் சிவகாசி அச்சகங்களின் வழியாகக் காலண்டர்களாகித் தமிழ் வீடுகளின் சுவர்களை நிறைத்தனர். அதே கைகளில் போட்டோவும் தூரிகையும் அண்டை வீட்டாராகப் பழகின. நெகட்டிவில் கூர்பென்சிலால் அம்மைத் தழும்பை மறைப்பதற்கு ஸ்டூடியோக்காரர்கள் ‘டச்சிங்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் கன்னத்துக்குச் சிவப்பும் சங்கிலிக்குப் பொன்னிறமும் தீட்டுவது தனிக் காசுக்குரிய வேலை. பின்னே தொங்கிய படுதாவிலோ, அந்த மனிதர் ஆயுளில் காணாத ஏரியும் மாடிப்படியும் இருக்கும்.

அது பொய்யில்லையா என்றால், பொய்தான். ஆனால் படத்தில் நிற்பவர் காசு கொடுத்துத் தமக்காகச் சொல்லச் சொன்ன பொய். தழும்பு போகவேண்டும் என்றும், சங்கிலி மின்னவேண்டும் என்றும் ஆசைப்பட்டவர் அவரே. இன்றைய ரசிகப் புகைப்படக்காரரின் திருத்தத்திலோ, படத்தில் நிற்பவரின் விருப்பத்துக்கு இடமே இல்லை. அது முழுவதும் மற்றப் புகைப்படக்காரர்களின் மெச்சுதலை நோக்கியே செய்யப்படுகிறது. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டு மெய், பொய் என்று மட்டும் வழக்காடுவதால்தான் விவாதம் செக்குமாடாய்ச் சுற்றுகிறது.

இதன் விளைவைக் கண்ணெதிரே காண வேண்டுமாயின், சிவகாசி வட்டாரத்தின் பட்டாசுத் தொழிலாளியின் கைகளைக் காட்டும் படங்களைப் பார்க்கலாம். அலுமினியப் பொடி விரல் ரேகைகளில் ஏறி, நகக்கண்களில் தங்கி, சோப்புக்கும் மசியாத வெள்ளிச் சாயலாய் நிற்கும் கை அது. கைப்பேசியில் முகத்தையும் சருமத்தையும் வழவழப்பாக்கும் வசதி, அந்தப் பொடியைப் படத்தின் அழுக்கு என்று எண்ணித் துடைத்துவிடுகிறது. போட்டிக்குப் படம் அனுப்புகிறவர் கையாளும் கூர்மைத் திருத்தமோ, முப்பத்தைந்து வயதுப் பெண்ணின் கையை எழுபது வயதுக் கிழவியின் கையாக்கி, வண்ணத்தையும் உறிஞ்சிக் கறுப்பு வெள்ளையில் நிறுத்துகிறது. ஒன்று தொழிலை மறைக்கிறது. மற்றொன்று தொழிலாளியை மறைத்துத் துயரத்தை மட்டும் காட்டுகிறது. வண்ணத்துக்கு ஆசைப்பட்ட நாட்டுப்புற ஜனங்களைப் பட்டணத்து ரசனை கறுப்பு வெள்ளையாக்குவதும், பட்டணத்து ரசனை அதையே யதார்த்தம் என்று பெயரிட்டு அழைப்பதும் விசித்திரமான முரண்.

இதைவிடப் பெரிய குற்றமாக எனக்குத் தோன்றுவது வானத்தை மாற்றும் வித்தை. ஒரு பொத்தானை அழுத்தினால் வெறும் வானம் போய்க் கார்மேகம் வந்து அமரும் வசதியை ஃபோட்டோஷாப் 2020இல் கொண்டுவந்தது. ஆடியில் இருக்கன்குடிக்கு மேலுள்ள வானம் எப்படியிருக்கும்? தென்மேற்குப் பருவமழை மலைக்கு அப்பால் கொட்டித் தீர்த்துவிட, இப்பக்கத்துக்கு வருவது காற்றும் புழுதியுமே. இந்த மண்ணுக்குரிய மழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வரவேண்டும். அதை நம்பித்தான் மானாவாரி விதைப்பு. மழைக்கு அதிதேவதையான மாரியின் சந்நிதியில் தீச்சட்டி ஏந்தி நிற்பவளின் தலைக்கு மேல் கார்மேகத்தை ஒட்டிவிட்டால், அவள் எதற்காக வேண்டி வந்தாளோ அது கிடைத்துவிட்டதாகவன்றோ படம் சாட்சி சொல்கிறது! பட்டணத்துப் பார்வைக்கு அது அலங்காரம். உழுது பிழைக்கும் சம்சாரிக்கு மேகம் ஒரு செய்தி.

ஒட்டுவேலையே கூடாது என்பதன்று என் வாதம். 1858இலேயே ஹென்றி பீச் ராபின்சன் ஐந்து நெகட்டிவ்களை இணைத்து ஒரு மரணப் படுக்கைக் காட்சியைச் சிருஷ்டித்தார். கற்பனை என்று தெரிந்து பார்க்கும்போது அதில் வஞ்சனை இல்லை. 2016இல் ஸ்டீவ் மெக்கரியின் படம் ஒன்றில் திருத்திய தடயம் வெளிப்பட்டு உலகெங்கும் சர்ச்சை எழுந்ததற்குக் காரணம், அவரைச் செய்திப் புகைப்படக்காரராகவே ஜனங்கள் நம்பியிருந்ததுதான். சர்வதேசப் போட்டிகளிலும் இயற்கை, செய்தி, பயணம் ஆகிய பிரிவுகளில் சேர்ப்பதும் நீக்குவதும் விலக்கப்பட்டிருக்க, பொதுப் பிரிவில் தடையில்லை. நம் கிராமத்துப் படங்களோ பெரும்பாலும் பொதுப் பிரிவின் சுதந்திரத்தோடு தயாராகி, பயணப் பிரிவின் நம்பகத்தோடு பார்க்கப்படுகின்றன.

நன்மைகளையும் சொல்லியாகவேண்டும். கோயில்களுக்குள் கைப்பேசி கூடாதென்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் ஆணையிட்டது. பட்டாசு ஆலைகளுக்குள்ளோ தீப்பொறிக்கு அஞ்சிக் கைப்பேசியையே விடுவதில்லை. இவ்விரு தடைகளாலும் காமிரா ஆற்று மணலுக்கும் தெருவுக்கும் வந்து சேர்ந்தது பேருபகாரம் என்பேன். கரும்புத் தொட்டிலைத் தோளில் சுமக்கும் தம்பதியும், கண்மலர் வாங்க முந்தானை முடிச்சை அவிழ்க்கும் பாட்டியும், மொட்டை போட்ட குழந்தையின் தலையில் சந்தனம் தடவும் தாய்மாமனும் இவர்கள் படங்களில்தான் பதிவாகியிருக்கிறார்கள். காலண்டரிலும் கல்யாண ஆல்பத்திலும் இவர்களுக்கு இடம் இருந்ததில்லை. புகைப்படக் கலைஞர் புதுச்சேரி இளவேனில், கி. ராஜநாராயணனைப் பல்லாண்டு பின்தொடர்ந்து எடுத்த படங்களில், அந்தக் கரிசல் எழுத்தாளர் அலங்காரப் பொம்மையாகாமல் தம் வீட்டு மனிதராகவே இருப்பதற்குக் காரணம் பழக்கம். ஒரு நாள் திருவிழாவுக்கு வந்து போகிறவருக்கு அது வாய்ப்பதரிது.

அந்தப் பழக்கத்துக்கு மிக எளிய வழி, எடுத்த படத்தை அச்சிட்டு உரியவருக்கே அனுப்புவதுதான். அச்சுப் படம் ஒன்றுக்கு ஆகிற செலவு ஒரு டீயும் வடையும் சாப்பிடுகிற செலவே. அனுப்புகிறவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலருடைய படங்களில் மேகம் ஒட்டும் வேலை இராது. படத்தை வாங்கிப் பார்த்ததும் அந்த வீட்டில் எழும் முதல் கேள்வி, “அன்னைக்கு எங்க மழை பெஞ்சுச்சு?” என்பதாகத்தானே இருக்கும்.