'ஆகவே' செய்யும் வேலை

ஊவாவிலிருந்து எழுதப்படும் ஊர் வரலாற்றுக் கட்டுரைகளை விரும்பி வாசிப்பவன் நான். தகவலுக்குக் குறைவில்லை, தகவல்களை இணைக்கிற சொற்களில்தான் கோளாறு. பந்திக்குப் பந்தி 'மேலும்', 'அத்துடன்', 'ஆகவே' போட்டால் ஓட்டம் வந்துவிடும் என்று பாடசாலையில் படிப்பித்ததை நம்மவர்கள் இன்னும் விடவில்லை.

1924இல் பதுளைக்கு ரயில் வந்தது, ஆகவே முஸ்லிம் வியாபாரிகள் இங்கு குடியேறினர் என்ற போக்கில் பலர் எழுதுகிறார்கள். முதற்பாதி சரி. ரயிலேறி வந்தவர்களும் உண்டுதான். ஆனால் நடுவில் நிற்கும் 'ஆகவே', ரயிலுக்கு முன் நாம் இங்கே இல்லை என்று சொல்லிவிடுகிறது. 1817இல் வெல்லஸ்ஸவில் ஹாஜி மரைக்காரை ஆங்கிலேயர் முஹாந்திரமாக நியமித்தார்கள். ஊவா–வெல்லஸ்ஸக் கிளர்ச்சிக்கு அந்த நியமனமும் ஓர் உடனடிக் காரணம். ரயிலுக்கு 107 வருஷம் முந்திய சங்கதி இது. சோனகர் இல்லாத ஊருக்கா சோனக முஹாந்திரம் போட்டார்கள்?

'அத்துடன்' இதைவிடச் சாதுவாகத் தெரியும். தோட்டத் தொழிலாளர் தமிழகத்திலிருந்து வந்தனர், அத்துடன் முஸ்லிம்களும் வந்தனர் என்று எழுதும்போது, தவளம் கட்டி வந்த இலங்கைச் சோனகரும், தோட்டக் கடை நடத்த வந்த இந்திய முஸ்லிம்களும் ஒரே மூட்டையாகிவிடுகிறார்கள். 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தின் முன் இவ்விரு சாராரும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. அந்த வேறுபாட்டை எழுதாமல் தாண்டிப்போக 'அத்துடன்' வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

பதுளையில் ஒரு மூத்த நாநா இதே கதையை எனக்குச் சொன்னார். "எங்கட மூத்தவங்க மாட்டுல உப்பும் கருவாடும் ஏத்திட்டு வந்து, வித்துட்டு, பாக்கு மிளகு ஏத்திட்டுப் போறது. ரோட்டு விழுந்த பொறகுதான் கடை போட்டது. ரயில் வந்தும் அதே கடைதான்."

எது முன், எது பின், எது எதனால் மாறவில்லை என்று அனைத்தும் இதில் இருக்கிறது. வினையெச்சங்களே காலத்தைக் கோத்துவிட்டன. 'வந்தும்' என்பதிலுள்ள 'உம்' ஒரு முழு வாதத்தையே முடித்துவிட்டது. தொல்காப்பியர் இந்த 'உம்'முக்கு எட்டுப் பொருள் சொல்கிறார். நாம் எண்ணிக்கைக்கு மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

அந்த ரயில் வாக்கியத்தை நான் இப்படித் திருத்துவேன்: 1924இல் ரயில் வந்தபோது, ஏற்கெனவே இருந்த முஸ்லிம் கடைகளோடு புதியவையும் சேர்ந்தன.