ஒலிவங்கியும் கமகமும்

எழுத்து வேறு, ஒலிப்பு வேறு என்பது தமிழாசிரியர் எவர்க்கும் புதிய செய்தியன்று. ‘கடல்’ என்பதிலும் ‘தங்கம்’ என்பதிலும் வரும் ககரம் வரிவடிவால் ஒன்று, ஒலியால் ஒன்றன்று. ‘நடு’ என்பதன் உகரம் ‘நாடு’ என்னும்போது குறுகிவிடுகின்றது. அண்டையில் நிற்பதை நோக்கியே எழுத்து ஒலிக்கின்றது.

கணினியிசைக்கும் இஃது ஒக்கும். 1983இல் வெளிவந்த ‘மிடி’ என்னும் முறை ஒலியைச் சுமப்பதன்று. இன்ன சுரம், இத்துணை அழுத்தம், இப்பொழுது தொடங்கு, இப்பொழுது நிறுத்து என்னும் கட்டளைகளையே சுமக்கின்றது. அவ்வேட்டைப் படிக்கும் வாயாக அமைவது ஒலிவங்கி. அதாவது, உண்மைக் கருவிகளைச் சுரம் சுரமாகப் பதிவுசெய்து தொகுத்த களஞ்சியம்.

இத்துறையில் சிங்கப்பூருக்கும் பங்குண்டு. அங்குத் தோன்றிய கிரியேட்டிவ் நிறுவனம் 1994இல் வெளியிட்ட ‘சவுண்ட் பிளாஸ்டர் ஏ.டபிள்யூ.இ. 32’ என்னும் ஒலியட்டை, ‘சவுண்ட்ஃபாண்ட்’ வங்கிகளை வீட்டுக் கணினிக்குக் கொணர்ந்தது. செயற்கை அலைகளின் தகர ஓசை கேட்டுச் சலித்த செவிக்கு அது பெரும் பேறே. அவ்வட்டையில் நிலையாக இருந்த பதிவு 1 மெகாபைட்டுதான். இன்று ‘சாலமாண்டர்’ என்னும் பியானோ வங்கி, பதிவான ஒவ்வொரு சுரத்தையும் 16 அழுத்த நிலைகளில் தருகின்றது. பியானோவுக்கு அது பொருந்தும். தட்டிய தந்தியின் சுருதியை வாசிப்பவர் பின்னர் வளைப்பதில்லை அன்றோ!

நம் இசைக்கு வருங்கால்தான் இடர். 1991இல் வகுத்த பொதுப்பட்டியலின் 128 ஒலிகளுள் சிதார் உண்டு, ஷெனாய் உண்டு; வீணையும் நாகசுரமும் இல்லை. ஷெனாயை நாகசுரமென ஒலிக்கவிடுவாரும் உளர். உறவு உண்டு, குரல் ஒன்றன்று. எனினும் இக்குறை தீரக்கூடியதே. வீணையையும் பதிவுசெய்த வங்கிகள் விலைக்குக் கிடைக்கின்றன.

தீராத குறை வேறு. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கும் சுரமன்று. ரிஷபத்தையும் மத்தியமத்தையும் நோக்கி அசைந்தே அது காந்தாரமாகின்றது. வங்கி தருவதோ நின்ற சுரம். சுருதியை வளைக்கும் கட்டளை மிடியில் 16,384 படிகளாக உண்டு. ஆனால் அங்கு வளைவது கருவியன்று, பதிவு. வீணைத் தந்தியை இழுத்தால் தந்தியின் சுருதி ஏறும். குடத்தின் இயல்பு மாறாது. பதிவை வளைத்தாலோ குடமும் உடன் சுருங்கி விரிவதுபோல் ஒலிக்கும். காரணம் கூறவியலாத செவியும் அதனை ஏற்க மறுக்கும்.

சுரத்திலிருந்து சுரத்திற்குச் செல்லும் வழியையே பதிவுசெய்வாரும் உளர். பன்னிரு சுரத்தானங்களுக்குள் அத்தகைய வழிகள் 132. ஒரே வழியும் இராகந்தோறும் வேறுபடும்.

ஆகவே, ஜிகாபைட் கணக்கைக் கொண்டு வங்கியை மதிப்பிடுதல் பொருந்தாது. பள்ளி விழாவிற்கு வங்கி தேடும் ஆசிரியர், அதில் சுரங்களுக்கு இடையே என்ன பதிவாகியுள்ளது என்பதையே முதலில் கேட்டறிதல் வேண்டும். கோலாட்டப் பாட்டிற்கு எளிய வங்கியே போதும். தேவாரப் பண்ணுக்கோ, சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு அவர் தாமே பாடிக் காட்டுதல் நன்று.