முரண் நீங்கினால் போதுமா?

ஏன் பகுத்தறிவோடு இருக்க வேண்டும்? இப்படி ஒருவர் கேட்டால் நம்மில் பலர் நகைப்போம், சிலர் சினப்போம். பகுத்தறிவு என்ற சொல்லை மேடைதோறும் முழக்கியவர்கள் நாம். அதற்கே காரணம் கேட்பதா என்போம். ஆனால் அமெரிக்க அறிஞர் நிக்கோ கொலாட்னி, 2005ஆம் ஆண்டில், 'மைண்ட்' என்னும் ஆங்கில மெய்யியல் ஏட்டில், இதே வினாவைத் தலைப்பாக்கிக் கட்டுரை தீட்டினார். வினவியவர் மூடநம்பிக்கையின் காவலர் அல்லர். அவர் கேட்டது வேறு. ஊருக்குப் போவதென உறுதி கொண்ட ஒருவன், வண்டி ஏறாமல் போக முடியாது என்றும் நம்புகிறான். ஆனால் வண்டி ஏற எண்ணவே இல்லை. உள்ளத்துக்குள் முரண், ஆகவே பகுத்தறிவற்றவன் என்கிறோம். அந்தப் பழிக்கு அடிப்படை என்ன? முரணின்றி இருப்பது நம்மைக் கட்டுகின்ற கடமையா?

என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். "களவு தவறு" என்று உறுதியாகச் சொன்ன மாணவன் ஒருவன், "தேர்வில் அடுத்தவன் தாளைப் பார்த்து எழுதுவது தவறன்று" என்றும் சொன்னான். "பிறன் உழைப்பைக் கேளாமல் எடுப்பது களவல்லவா, தம்பி?" என்று மடக்கினேன். சற்றே சிந்தித்தான். "அப்படியானால் களவும் தவறில்லை, ஐயா" என்றான். வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. முரணைக் காட்டினேன், முரணை நீக்கிவிட்டான். கேட்டதைக் கொடுத்தவனை எப்படிக் கடிவது?

ஆக்ஸ்போர்டில் பேராசிரியராக இருந்த ஜான் புரூம் 2013இல் வெளியிட்ட நூலைப் படித்தபோது, அந்தப் பையன் மீண்டும் என் முன்னே வந்து நின்றான். புரூம் முன்னர்ப் பொருளியல் அறிஞராக இருந்தவர். எழுத்தில் கணக்குப்பிள்ளையின் கண்டிப்பு. 'குறிக்கோளை நாடினால் வழியையும் நாடு' என்னும் கட்டளை, வழியை நாடியே தீரவேண்டும் என்று ஆணையிடுவதில்லை என்கிறார் அவர். வழியை நாடலாம், அல்லது குறிக்கோளையே கைவிடலாம். எதைச் செய்தாலும் கட்டளை நிறைவேறும். இதில் நன்மை உண்டு. கொலைக்குத் துணிந்தவனுக்கு, துணிந்துவிட்டான் என்பதாலேயே கத்தி தேடும் கடமை பிறந்துவிடாது. நன்று! ஆனால் வாயில் இருபுறமும் திறந்தல்லவா கிடக்கிறது? என் மாணவன் வெளியேறியது மற்றொரு வாயில் வழியாக. இவ்வழி போ, அவ்வழி போகாதே என்று சொல்ல முரணாமைக்கு வாயில்லை. முரணாமை நம்மைக் கட்டும் என்றே தாம் நம்புவதாகவும், அதை மெய்ப்பிக்கத் தம்மால் இயலவில்லை என்றும் புரூமே ஒப்புகிறார். அந்த நேர்மைக்குத் தலைவணங்குகிறேன். அத்தனை பக்கங்கள் கடந்து வந்தவனுக்குப் பசி தீரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கொலாட்னியின் விடை கடுமையானது. அந்தக் கடமை வெறும் தோற்றம். நமக்குக் காரணம் இருக்கிறது என்று நாம் நம்புவதால்தான் அது நம்மை ஈர்ப்பதுபோல் தெரிகிறது என்கிறார். செருமானிய அறிஞர் பெஞ்சமின் கீசவெட்டர், 2017இல் வந்த தம் நூலில் வேறு பாதை வகுக்கிறார். பகுத்தறிவு நம்மைக் கட்டும். ஆனால் பகுத்தறிவு என்பது முரணாமை அன்று, கைக்கெட்டிய காரணங்களுக்கு ஏற்ப எண்ணுவது. முரண் தோன்றினால், எங்கோ ஓரிடத்தில் காரணத்தை மீறினோம் என்பதற்கு அது அடையாளம். காய்ச்சல் போல என்று நான் சொல்வேன். சூட்டைத் தணித்தால் நோய் போய்விடுமா?

என் உள்ளம் கீசவெட்டர் பக்கமே சாய்கிறது. முரணாமையை அளவுகோலாக்கினால், களவும் தவறில்லை என்ற அந்த நொடியில் என் மாணவன் உயர்ந்துவிட்டான்! காரணங்களை அளவுகோலாக்கினால், ஒரு பிழை இரண்டு பிழையாயிற்று. எது உண்மை என்று எந்த ஆசிரியருக்கும் தெரியும். இன்னொன்றும் உண்டு. 1965இல் மேக்கின்சன் என்பார் ஓர் எழுத்தாளரை நினைத்துப் பார்க்கச் சொன்னார். தம் நூலின் ஒவ்வொரு வரியும் மெய்யென நம்புகிறார். முன்னுரையில், எங்கோ பிழை இருக்கத்தான் செய்யும் என்றும் எழுதுகிறார். முரண்தான். ஆனால் அவரை அறிவிலி என்போமா? அந்த வரியை எழுதாதவரிடம் அல்லவா நமக்கு ஐயம் வரும்!

கீசவெட்டரிடமும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. கைக்கெட்டிய காரணங்கள் என்கிறாரே, அந்தப் பையனின் கைக்கு எட்டியவை எவை? களவு ஏன் தவறு என்று நான் அவனுக்குச் சொன்னதே இல்லை, மடக்கியதோடு சரி.

மறுநாள் முரண் பற்றி ஒன்றும் பேசவில்லை. சென்ற திங்கள் அவன் மிதிவண்டியின் மணியை எவனோ கழற்றிக்கொண்டு போனது பற்றிக் கேட்டேன். நெடுநேரம் பேசினான்.