மன்றாட்டுக்குச் செவி கொடுத்தல்

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பிரசங்கம் முடிந்து, விசுவாசப் பிரமாணமும் சொல்லி, காணிக்கை தொடங்குவதற்கு முன்னுள்ள சில நிமிஷங்களில், சபையாரில் ஒருவர் வாசக மேடைக்கு வந்து நான்கைந்து விண்ணப்பங்களைப் படிக்க, ஒவ்வொன்றின் முடிவிலும் எல்லோரும் ஒரே குரலாய் மறுமொழி கூறுவதைக் கத்தோலிக்கக் கோயிலுக்குப் போகிறவர்கள் அனைவரும் அறிவர். ஆயினும் அந்த நிமிஷங்களைச் சில்லறை தேடும் அவகாசமாகக் கொள்ளாமல் ஊன்றிக் கேட்டு அனுபவிப்பவர்கள் மிகச் சிலரே என்பது என் அபிப்பிராயம். விசுவாசிகள் மன்றாட்டு எனப்படும் இப்பகுதி ஆதித் திருச்சபையில் வழங்கி, பின் பல நூற்றாண்டுகள் மறைந்து கிடந்து, 1963ஆம் ஆண்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட வழிபாட்டுச் சாசனத்தால் மீண்டும் உயிர் பெற்றது. உலகத்தின் யுத்தங்களும் ஊரின் துயரங்களும் பீடத்தை நெருங்கி வந்து நிற்கிற இடம் இதுவே.

இதைக் கேட்டுப் பழக வடசென்னை மிகவும் தகுந்த இடம். இராயபுரத்தில் படகோட்டிகளின் சமூகம் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுப்பிய புனித இராயப்பர் ஆலயம் தொடங்கி எண்ணூர் வரை, கடலையும் ஆலைகளையும் நம்பிப் பிழைக்கும் ஜனங்களே இங்குள்ள கோயில்களை நிரப்புகிறார்கள். தூரதேசத்து யுத்தம் இவர்களுக்குத் தூரத்துச் சங்கதியாக இருந்ததில்லை. 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு எம்டன் என்ற ஜெர்மானியக் கப்பல் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. 2023 நவம்பருக்குப் பின் செங்கடலில் வணிகக் கப்பல்கள் தாக்கப்பட்டபோதோ, கப்பல் வேலைக்குப் பிள்ளைகளை அனுப்பிய வீடுகளில் தூக்கம் போயிற்று. இத்தகைய ஊரில் சமாதானத்துக்காக வேண்டுவது சம்பிரதாயமாக மட்டும் இருக்க முடியாது.

முதலில் மன்றாட்டின் வரிசையைக் கவனிக்க வேண்டும். திருச்சபையின் தேவைகள், ஆட்சிபுரிவோரும் உலகம் முழுவதும், துன்பத்தில் உழல்வோர், கடைசியாக அங்கே கூடியிருக்கும் சபை என்று அது விரிந்த வட்டத்திலிருந்து சுருங்கி வருவது விதி. தன் வீட்டுக் கவலையோடு வந்தவனை முதலில் பிறர் கவலைகளின் வழியாக நடத்திச் சென்று, கடைசியில்தான் அவன் வாசலுக்குக் கொண்டுவிடும் இந்த ஒழுங்கில் ஆழ்ந்த ஞானம் இருக்கிறது.

அடுத்து, விண்ணப்பம் யாரை நோக்கிப் பேசுகிறது என்று பாருங்கள். "உக்ரைனிலும் காஸாவிலும் நடக்கும் போர்களால் பல்லாயிரம் மக்கள் மடிவதை நாம் அறிவோம், ஆகவே நாம் பகைமையை விலக்கி அன்பில் வளர வேண்டும்" என்று ஒருவர் படித்தால், அது நல்லெண்ணத்தில் பிறந்ததாயினும், பாதி பத்திரிகைச் செய்தி, பாதி இரண்டாவது பிரசங்கம். "ஆண்டவரே, காஸாவில் இடிபாடுகளுக்குள் தன் பிள்ளையைத் தேடும் தாயை நினைத்தருளும், குண்டு வீசக் கட்டளையிடுகிறவன் கையையும் தடுத்தருளும்" என்று எழுதினால், அங்கே கடவுளும் இருக்கிறார், தாயும் இருக்கிறாள், தீமை செய்கிறவனும் இருக்கிறான். மூவரில் ஒருவர் விடுபட்டாலும் மன்றாட்டு மெலிந்துவிடுகிறது. சத்துருவுக்காகவும் வேண்டச் சொன்ன மதத்தில், அந்தக் கடைசி மனிதனைத் தள்ளிவிடுவது பெருங்குறை அல்லவா?

சமாதானத்தைக் கேட்பது எளிது. அதனுடன் நீதியையும் கேட்பதில்தான் எழுதுகிறவரின் நேர்மை வெளிப்படுகிறது. 85ஆம் சங்கீதம் இவ்விரண்டையும் பிரித்துப் பேச ஒப்புவதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி ஆலைப் பக்கமிருந்து வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையாற்றின் முகத்துவாரத்தை அடைந்து, படகுகளையும் வலைகளையும் கறுக்கச் செய்தது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் உரத்தொழிற்சாலைக்குக் கடலடியில் வரும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி இருட்டில் ஓடினார்கள். இவற்றை "மாசடைந்த இயற்கைக்காக" என்று பொதுவாகச் சொல்லி முடிக்கும் விண்ணப்பத்தில் மாசடையச் செய்தவர் ஒருவரும் இல்லை. மறுபுறம், ஆலையை மூடச் சொல்லும் மீனவரும், ஆலை மூடினால் அடுப்பெரியாதே என்று அஞ்சும் ஒப்பந்தத் தொழிலாளியும் ஒரே பெஞ்சில் அடுத்தடுத்து முழந்தாளிடக்கூடிய கோயிலில், கோஷமாக எழுதப்பட்ட விண்ணப்பமும் பொருந்தாது. குற்றத்தைக் குற்றமென்றே சொல்லி, அதே மூச்சில் அந்தத் தொழிலாளியின் சோற்றையும் மறவாமல் கேட்கும் மன்றாட்டை எங்கேனும் கேட்டால், அதை எழுதினவரைப் பூசை முடிந்ததும் தேடிப் போய்ப் பாராட்டுங்கள்.

மௌனமும் இதில் ஓர் அங்கம். பெரிய வெள்ளிக்கிழமையன்று படிக்கப்படும் பத்து மகா மன்றாட்டுகளில் ஒவ்வொன்றுக்கும் முதலில் அழைப்பு, பிறகு அமைதி, அதன் பின்னரே குருவானவரின் ஜெபம். கிறிஸ்துவை விசுவசியாதவர்களுக்கும் கடவுளையே நம்பாதவர்களுக்கும் அதில் தனித்தனி இடம் உண்டு. இந்த அமைதியை அவசரப்பட்டுக் குறைக்கும் குருக்களிடம் எனக்கு வருத்தமுண்டு.

மன்றாட்டில் வார்த்தையால் கேட்கப்படும் சமாதானம், தென்னிந்தியத் திருச்சபையின் திருவிருந்து ஆராதனையில் கைகளால் வழங்கப்படுகிறது. ஒருவர் வலது உள்ளங்கையோடு மற்றவர் வலது உள்ளங்கை சேர, இருவர் இடக்கைகளும் அவற்றின்மேல் மூடிக்கொள்ள, பீடத்தருகிலிருந்து கடைசி வரிசை வரை அது நடந்து வரும். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களிடமிருந்து எடுத்து, 1950இல் வகுத்த ஆராதனை முறையில் இச்சபை சேர்த்த இந்த வழக்கத்தைப் பிற்காலத்தில் பிறநாட்டுச் சபைகளும் போற்றின. அயலாரோடு மனத்தாங்கல் உள்ள நாளில் இதன் பொருள் நன்றாக விளங்கும்.

கிறிஸ்தவரல்லாத வாசகர் இதெல்லாம் தமக்கு அந்நியம் என்று எண்ண வேண்டியதில்லை. திருவொற்றியூர்ச் சந்நிதியில் பல்லாண்டு நின்று உருகிய இராமலிங்க வள்ளலார், பிற்காலத்துப் பிள்ளைப் பெரு விண்ணப்பத்தில் பிற உயிர்களின் துன்பம் கண்டு தாம் நடுங்கியதையெல்லாம் இறைவனிடம் ஒன்றுவிடாமல் முறையிட்டார். அதைப் படித்து நெகிழ்ந்தவருக்கு மன்றாட்டின் சுவை உடனே பிடிபடும். கோயிலின் பின்வரிசையில் அமர்ந்து கேட்க யாருடைய அனுமதியும் வேண்டாம். நற்கருணையாகிய நன்மை வாங்கப் போகாமல் இருந்தால் போதும். கடலோடிகளுக்கென்று ஜூலை மாதத்து இரண்டாம் ஞாயிறும், உலக சமாதானத்துக்கென்று ஜனவரி முதல் தேதியும் இதற்கு விசேஷமான நாட்கள்.

மார்ச் மாத முதல் வெள்ளியன்று பெண்கள் நடத்தும் உலக ஜெப தினத்தையும் விட்டுவிடக் கூடாது. ஆண்டுதோறும் ஒரு தேசத்துப் பெண்கள் அதற்கான ஆராதனையை எழுதித் தருகிறார்கள்; 2024இல் எழுதியவர்கள் பாலஸ்தீனக் கிறிஸ்தவப் பெண்கள். துயரத்தைத் தொலைவிலிருந்து பார்த்து எழுதிய விண்ணப்பத்துக்கும், அதற்குள் வாழ்கிறவர்களே எழுதியதற்கும் உள்ள வேறுபாடு அத்தகைய ஆராதனையில் துலக்கமாகத் தெரியும். எண்ணூர்க் கழிமுகத்தில் கையால் இறால் தடவிப் பிடிக்கும் பெண்களிடமும், காசிமேட்டில் மீன் விற்கும் பெண்களிடமும் நம் ஊர்க் கோயில்கள் ஒரு ஞாயிற்றுக்காவது மன்றாட்டை எழுதித் தரச் சொல்ல வேண்டும். எழுத வராதவர்கள் வாய்மொழியாகச் சொல்லட்டும், உபதேசியார் எழுதிக்கொள்ளட்டும்.